பாடத்துக்காகக் கொடுத்த வீடு

அத்தியாயம் 11

வீட்டுப்பாடத்துக்காக உம்மா தன் வீட்டை இக்பாலுக்குக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. இக்பாலின் தங்கை இக்ரா சேர்ந்திருந்த வக்கீல் உதவியாளர் பயிற்சி வகுப்பில் அந்த வாரப் பாடம் கொடைப் பத்திரம். அவரவர் சமூகத்துச் சட்டப்படி ஒன்று எழுதி வர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

“கற்பனைப் பெயர் வேண்டாம். சொந்த வீட்டு ஆட்களை வைத்து எழுதுங்கள். அப்போதுதான் கை கவனமாக இருக்கும்.”

இக்ரா அப்படியே செய்தாள். கொடுப்பவர், பரீதா, ஐம்பத்து நாலு வயது, கைம்பெண், தையல் தொழில். பெறுபவர், மகன் இக்பால், இருபத்தொன்பது வயது. சொத்து, பசுந்தாங், ஐம்பத்திரண்டாம் தெரு, நாலாம் மாடி வீடு. அத்தா மௌத்தாவதற்கு முந்தைய வருஷம், கல்யாணத்தில் கொடுக்க வேண்டியிருந்த மஹருக்குப் பதிலாக என்று உம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்த வீடு அது. அதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

ஹிபா என்ற அந்தக் கொடையை வாயால் சொல்ல வேண்டும். உம்மா சொன்னார். “என் வீட்டை என் மகன் இக்பாலுக்கு ஹிபாவாகக் கொடுத்தேன்.” இக்பால் சொன்னான். “ஏற்றுக்கொண்டேன்.” மூன்றாம் மாடி ஃபக்ருன்னிசா மாமியும் அவர் கணவர் அப்துல் சமதும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு தட்டு இனிப்பு ரவை தின்றுவிட்டு இறங்கிப் போனார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது.

“நாளைக்கு நாலு மணிக்கு வீடு பாக்க ரெண்டு பேரு வர்றாங்க,” என்றான் இக்பால்.

“யார் வீட்டை?” என்று கேட்டாள் இக்ரா.

“என் வீட்டைத்தான்.”

இக்ரா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “அவன் வீடுதானே,” என்றார்.

இன்று சனிக்கிழமை.

*

வகுப்பு, பான்சோடான் தெருவில் டைப் அடிக்கும் கடைக்கு மேலே, ஒரு நீளமான அறையில் நடந்தது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. இருபத்தாறு பேர் படித்தார்கள். இக்ரா விலங்கியல் பட்டதாரி. அஞ்சல் வழியில் படித்த அந்தப் பட்டத்தைக் காட்டி இரண்டு வருஷம் வேலை தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு வக்கீல் ஆபீசில், இந்தச் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் எப்போதும் கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில் உட்காருவாள். கடைசி பெஞ்சில் இருப்பவர்களைத்தான் ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆசிரியை டோ டின் டின் யீ நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவர்களுக்கு அவர் சயாமா. திருத்திய தாள்களைப் பெஞ்சு பெஞ்சாக வந்து வைத்தார்.

இக்ராவுக்கு ஐம்பத்தெட்டு மார்க். கீழே சிவப்பு மையில் பர்மிய மொழியில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது.

‘கொடுத்தவர் என்ன செய்தார்?’

பக்கத்தில் இருந்த தண்டார் எட்டிப் பார்த்தாள். “உன் அம்மா வீட்டையே கொடுத்தும் ஐம்பத்தெட்டுதானா? நான் பக்கத்து வீட்டுப் பையனைத் தத்தெடுத்தேன். எண்பத்தொன்று.”

“அவனை என்ன செய்யப் போகிறாய்?”

“திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிறைய சாப்பிடுகிறான்.”

இக்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடியும்வரை காத்திருந்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு சயாமாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சயாமா, ஒரு சந்தேகம்.”

“உட்கார், மா இக்ரா,” என்றார் சயாமா, பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மா சேர்த்து.

அவள் உட்காரவில்லை. “இந்தத் தாளில் இருப்பவர்கள் இதை உண்மை என்று நினைத்தால் என்ன ஆகும்?”

சயாமா கண்ணாடியைக் கழற்றினார். “தாளில் இருப்பவர்கள் உன் வீட்டு ஆட்கள்தானே?”

இக்ரா தாளை நீட்டினாள். சயாமா மேலே கேட்கவில்லை. தாளை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“கொடுத்தேன் என்றார். மகன் ஏற்றேன் என்றார். சரி. அதற்குப் பிறகு உன் அம்மா என்ன செய்தார்?”

“துணி தைத்தார்.”

“எங்கே?”

“வீட்டில்தான். வழக்கமான இடத்தில்.”

“சாவி யாரிடம் இருக்கிறது?”

“அம்மாவிடம்.”

“வார்டு ஆபீஸ் வீட்டுப் பட்டியலில் குடும்பத் தலைவர்?”

“அம்மாதான்.”

“அப்படியானால் எதுவும் கைமாறவில்லை. உங்கள் சட்டத்தில் கொடைக்கு வாய்ச்சொல் போதும், பதிவு வேண்டாம். ஆனால் சொத்து கைமாற வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால், இனி இது உன்னுடையது என்று காட்டுகிற மாதிரி கொடுத்தவர் ஏதாவது ஒன்று செய்திருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கலாம். தன் சாமானோடு கொஞ்ச நேரமாவது வெளியே போய் இருக்கலாம். நீ எதையும் எழுதவில்லை. மார்க் அங்கேதான் போயிற்று.”

“நன்றி, சயாமா.”

“எதற்கு நன்றி? அந்தப் பத்தியை எழுதித் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டு வா. இல்லாவிட்டால் தேர்வுக்கு உன் பெயர் போகாது.”

இக்ரா படியில் இறங்கும்போது தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். குறைந்த மார்க்குக்காக அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மழை பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் நிற்க மட்டும் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும், வீட்டில் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்தினாள். முதலில் சிவப்பு மையைக் காட்ட வேண்டும். பிறகு காரணம். பிறகு, இக்பால் கோபப்பட்டால் என்ன சொல்வது என்பது. மூன்றாவதுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

*

நாலு மாடி ஏறி வந்தபோது உம்மா பால்கனிக் கதவருகே மிஷினில் இருந்தார். பசுந்தாங் மார்க்கெட்டில் கடை போடும் பெண்களுக்கு எஞ்சி தைப்பது அவர் தொழில். பர்மிய ரவிக்கை, துணிப் பொத்தான் வைத்தது. பதினேழு வருஷமாக அதே இடத்தில்தான் மிஷின் இருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அங்கேதான் வெளிச்சம் வரும்.

இக்பால் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அண்ணனை இக்ரா நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, அந்த ஹிபா செல்லாது.”

“யாரு சொன்னா?”

“சயாமா.”

“அவங்க பர்மாக்காரங்க. நம்ம சட்டம் அவங்களுக்கு என்ன தெரியும்?”

“முப்பது வருஷம் கோர்ட்டுல இருந்தவங்க. இந்தா, பாருங்க.”

அவன் தாளை வாங்கிச் சிவப்பு வரியைப் படித்தான். “கொடுத்தவர் என்ன செய்தார்? இது என்ன கேள்வி?”

“உம்மா ஒண்ணுமே செய்யல. அதான் செல்லாது.”

“செய்யறதுன்னா என்ன செய்யறது?”

இக்ரா வீட்டில் அதிகம் பேச மாட்டாள். அன்று பேசினாள். சயாமா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். வாய்ச்சொல் மட்டும் போதாது. சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். சாமானை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. அதனால் வீடு உம்மாவுடையதுதான். பாடம் ஒப்பிப்பது மாதிரி, தடங்கல் இல்லாமல் வந்தது. மிஷின் சத்தம் நின்றுபோனதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள்.

“எவ்வளவு நேரம்?” என்றார் உம்மா.

“என்னது உம்மா?”

“வெளிய இருக்கணும்ன்னியே. எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்னு சொன்னாங்க. ஒரு மணி நேரம்னு வைங்க. அது முக்கியமில்ல. நீங்க போகலைங்கிறதுதான் முக்கியம்.”

இக்பால் தாளைத் திருப்பிக் கொடுத்தான். “நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன். வந்து பாத்துட்டுப் போகட்டும். பாக்கறதுல என்ன கொறஞ்சு போகுது?”

“விக்கிறதுக்கு அது உங்க வீடு இல்ல நானா.”

“உங்கள நடுத்தெருவுலயா விடப்போறேன்? தெற்கு டகோன்ல ரெண்டு ரூம் வீடு பாத்து வெச்சிருக்கேன். மிச்சத்துல பாரியோட படகுல சேர்ந்துக்குவேன். எத்தன வருஷம் அடுத்தவன் கிட்டங்கில மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கிட்டு இருக்கிறது?”

அப்துல் பாரி அவன் சிநேகிதன். போட்டாதாங் படகுத்துறையில் சரக்குப் படகு ஓட்டுபவன். இந்த ஒரு மாதமாக இக்பால் வாயில் அந்தப் படகைத் தவிர வேறு பேச்சு இல்லை.

“உம்மாட்ட தைக்கக் குடுக்கறவங்க எல்லாம் இந்த மார்க்கெட்டுக்காரங்க. டகோனுக்கு யாரு வருவா? பஸ்ல ஒன்றர மணி நேரம்.”

“டகோன்ல இருக்கறவங்க எஞ்சி போடாமலா திரியறாங்க?”

அப்போது மின்சாரம் வந்தது. தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள்.

“மோட்டாரு,” என்றார் உம்மா.

இக்ரா பின்பக்கம் ஓடினாள். மின்சாரம் வந்தால் ஐம்பத்திரண்டாம் தெருவில் எந்தச் சண்டையும் பாதியில் நிற்கும். நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோட்டாரில் தண்ணீர் ஊற்ற வேண்டும், குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சத்தம் மாறினால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போட வேண்டும். தொட்டி நிறைய நாற்பது நிமிஷம் ஆனது. மோட்டார் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது முன் அறையில் யாரும் இல்லை.

மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. எப்போதும் மிஷின் மேல் கிடக்கும் கத்தரிக்கோல் இல்லை. உம்மாவின் பெட்டி திறந்து கிடந்தது. அதில் பாதி காலி. அலமாரியின் மேல்தட்டில் குர்ஆன் இல்லை.

அடுப்பில் சோற்றுக்கு ஊற்றும் ஆணம் மூடி வைத்திருந்தது. சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

*

மூன்றாம் மாடியில் ஃபக்ருன்னிசா மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“வா, வா. உன் பாடம் எங்க வீடு வரைக்கும் வந்திருச்சு. எனக்கும் மார்க்கு உண்டுல்ல?”

உம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்கு மேலே கத்தரிக்கோல். மடியில் உறை போட்ட குர்ஆன்.

“உம்மா, சாவி எங்க?”

“குடுத்துட்டேன்.”

“நானாட்டயா?”

“வேணாம்னுதான் சொன்னான். கையில வெச்சு அமுக்கினேன். வாங்கிட்டு, நாலு மணிக்கு நேரம் கெடக்கறப்பவே, மார்க்கெட்டு முனையில அந்த ஆளுங்களுக்காக நிக்கப் போயிட்டான்.” உம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்னே முக்காலுக்கு இங்க வந்தேன். ரெண்டே முக்கால் வரைக்கும் இருக்கேன். அப்புறம் நீ எழுதிக்க.”

“என்னத்த எழுதறது?”

“விட்டுப்போனத. அதுக்குத்தானே மார்க்கு கொறச்சாங்க? அவனுக்கு வீடாச்சு, உனக்கு மார்க்காச்சு.”

இக்ரா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாவியைப் பற்றியும் வெளியேறுவதைப் பற்றியும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

“உம்மா, அது வெறும் பாடம்.”

“உனக்குப் பாடம். நான் கை கால் மூஞ்சி கழுவி ஒலு செஞ்சேன். பிஸ்மி சொன்னேன். ரெண்டு சாட்சி முன்னாடி என் வாயால குடுத்தேன்னு சொன்னேன். அதப் போயி சும்மா சொன்னேன்னு எப்படிச் சொல்றது? கொடுத்ததத் திருப்பிக் கேக்கறவங்களப் பத்தி பள்ளிவாசல்ல ஹஜ்ரத் பயான்ல என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியாது.”

“அப்ப ஏன் பன்னெண்டு நாளா ஒண்ணும் சொல்லல?”

“அவன் கேக்கல. கேக்காத வரைக்கும் எனக்கும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்.”

ஃபக்ருன்னிசா மாமி மூன்று கிளாஸில் தேநீர் கொண்டு வந்து வைத்தார். “பரீதா, நானும்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். உன் ரவைக்கு ஆசப்பட்டுப் போட்டேன். அதுக்கும் அல்லா என்னக் கேப்பானா?”

“கேப்பான் லாத்தா,” என்றார் உம்மா. மாமியை அவர் அக்கா முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

“அப்ப இனிமே யார் வீட்டுலயும் ரவை தின்ன மாட்டேன்.”

உம்மா தேநீரைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, “மார்க்கெட்டு மா சானுக்கு ரெண்டு எஞ்சி செவ்வாக்கெழம குடுக்கணும். பொத்தான் மட்டும்தான் பாக்கி. மிஷினு இல்லாமயும் வெச்சிரலாம். அதான் கத்தரியக் கொண்டாந்தேன்,” என்றார். யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

இக்ரா பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“எழுதறேன் உம்மா. ஆனா வகுப்புல எப்படி எழுதச் சொல்லியிருக்காங்களோ அப்படித்தான் எழுதுவேன். கேள்வி கேப்பேன். நீங்க பதில் சொல்லணும்.”

“கேளு.”

“பேரு?”

“உனக்குத் தெரியாதா?”

“கேக்கணும் உம்மா.”

உம்மா பெயர் சொன்னார். வயது சொன்னார். தொழில் சொன்னார். வீடு யார் கொடுத்தது, எந்த வருஷம், எதற்குப் பதிலாக என்று சொன்னார். இக்ரா ஒவ்வொன்றையும் பர்மிய மொழியில் எழுதினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. உம்மாவுக்குப் பர்மிய எழுத்து படிக்க வராது. அதனால் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“அன்னைக்கு அந்த வார்த்தையச் சொல்றப்ப மனசுல என்ன நெனச்சீங்க?”

“என்ன நெனக்கிறது?”

“நானாவுக்கு வீட்டக் குடுத்துரணும்னு நெனச்சீங்களா?”

உம்மா மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான், கேள்வி கேட்டால் நிஜமாகவே யோசிப்பார்கள். 

“இல்ல,” என்றார் உம்மா.

“அப்ப?”

“நீ தப்பில்லாம எழுதணும்னு நெனச்சேன். அதுக்கு முந்துன பாடத்துல மார்க்கு வரலன்னு அழுதியே. நான் சரியாச் சொன்னாத்தான் உனக்குச் சரியா வரும்னு ஒலு செஞ்சுக்கிட்டேன்.”

இக்ரா குனிந்து எழுதினாள். ஒரு தடவை எழுதி, அடித்து, புதுத் தாளில் மறுபடி எழுதினாள். கொடுக்கும் எண்ணம் இல்லாமல் சொன்னது கொடை ஆகாது என்று புத்தகத்தில் இருந்தது. வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. அவள் முன்கூட்டியே படித்திருந்தாள்.

“இதுல கையெழுத்துப் போடுங்க உம்மா.”

“முழுசாப் படி.”

படித்தாள்.

“நான் சொன்னதுதான். இதுல போட்டா இக்பாலுக்கு என்ன ஆகும்?”

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். உம்மா நம்பியிருப்பார்.

“வீடு அவருக்கு இல்லன்னு ஆகும்.”

உம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப அவன் இல்லாம போட மாட்டேன். அவன் முன்னாடி வெச்சுப் படி. கேட்டுட்டு அவன் போடச் சொன்னாப் போடறேன்.”

*

மூன்றரை மணிக்கே வந்துவிட்டார்கள். படியில் செருப்புச் சத்தமும் இக்பாலின் குரலும் கேட்டன. “நாலாம் மாடிதான். காற்று நன்றாக வரும்,” என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டு ஏறினான். மூன்றாம் மாடிக் கதவைப் பார்க்காமல் கடந்து போனான்.

உம்மா எழுந்தார். மூட்டையை எடுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்லப் படி ஏறினார். இக்ரா தாளோடு பின்னால் போனாள்.

மேலே கதவு திறந்திருந்தது. புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர். புருஷனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மிஷின் மேல் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

“யார் தைக்கிறார்கள்?”

“அம்மா,” என்றான் இக்பால்.

உம்மா வாசல்படிக்கு வெளியே நின்றார். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை.

“இக்பாலு, உள்ள வரலாமா?”

“என்ன கேள்வி உம்மா இது?”

“உன் வீடு. கேட்டுத்தானே வரணும்.”

உம்மா குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது வராது. அது இக்பாலுக்கும் தெரியும். அவன் சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

வந்த பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “அம்மா ஏன் வெளியே நிற்கிறார்?”

இக்பால் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வீடு யாருடையது?” என்றாள் அவள். சத்தம் போடவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இக்பால் இக்ராவைப் பார்த்தான். அந்த வீட்டில் காகிதம் சம்பந்தப்பட்டது எல்லாம் இக்ராவின் வேலை. வார்டு ஆபீசுக்கு எழுதுவது, பட்டியலில் பெயர் சேர்ப்பது எல்லாம் அவள்தான். ஆனால் எழுதித்தான் பழக்கம், நின்று பேசிப் பழக்கம் இல்லை.

அவள் உம்மாவைத் தாண்டி உள்ளே போய்த் தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு வரி அவளுக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் இரண்டு அடி பக்கத்தில் வந்து நின்றாள். இக்ரா மறுபடி முதலிலிருந்து படித்தாள். பெயர், வயது, தொழில். வீடு வந்த விதம். ஹிபா சொன்ன நாள். கடைசியில் உம்மாவின் வார்த்தை.

“வீட்டைக் கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. என் மகள் பாடத்தைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் சொன்னேன்.”

சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டார்.

“நீங்கள் பேசி முடித்துவிட்டுச் சொல்லுங்கள். எங்களுக்கு அவசரம் இல்லை.”

அவர் மனைவி வெளியே வந்து உம்மாவின் பக்கத்தில் நின்றாள். “ஆண்டி, எஞ்சி தைக்க எத்தனை நாள் ஆகும்?”

“நாலு நாள்,” என்றார் உம்மா.

“துணி கொண்டு வருகிறேன்,” என்றாள். எங்கே கொண்டு வருவது என்று கேட்கவில்லை. இருவரும் இறங்கிப் போனார்கள்.

இக்பால் கையை நீட்டினான். இக்ரா தாளைக் கொடுத்தாள். அவன் தானே ஒரு தடவை படித்தான். கிழித்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். கிழிக்கவில்லை.

“அன்னைக்கு என்னையும் சொல்லச் சொன்னே. ஏற்றுக்கொண்டேன்னு.”

“ஆமா நானா.”

“அதுவும் பாடத்துக்குத்தானா?”

“ஆமா.”

“நான் பாடத்துக்காகச் சொல்லல.”

அவன் தாளை மடித்தான்.

“அத்தா போனதுலேருந்து, அதச் செய்யி, இதப் பாருன்னுதான் இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. உனக்குன்னு இத எடுத்துக்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் உம்மா சொன்னாங்க. எனக்கு அது நெசமாத்தான் கேட்டுச்சு.”

தாளை இக்ராவிடம் கொடுத்தான். உம்மாவைத் தாண்டி, அவர் மேல் படாமல் ஒதுங்கி, படி இறங்கினான். மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று சத்தம் தேய்ந்தது. கீழே இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

“உள்ள வாங்க உம்மா,” என்றாள் இக்ரா.

“உள்ள வரலாமான்னு கேட்டதுக்கு அவன் பதில் சொல்லலியே.”

“நான் சொல்றேன், வாங்க.”

“நீ சொன்னாப் பத்தாது.”

 இக்ரா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். உம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆணம் அடுப்புல இருக்கு,” என்றார் உம்மா.

“பாத்தேன்.”

“அவன் காலையிலேருந்து சாப்பிடல.”

“நீங்களும்தான் சாப்பிடல.”

இக்ரா தாளை முழங்காலில் வைத்து நீவினாள். கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. பின்னால் கதவு திறந்து கிடந்தது. இருவரும் உள்ளே போகவில்லை.